லீவுக்கு ஊருக்குப் போன மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் கொடுத்த வேலை: கில்பர்ட் ஸ்லேட்டர் யார்?

நாயுடுபேட்டையைப் பற்றி ஒரு சின்ன ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நெல்லூர் போகிற நெடுஞ்சாலையில், சூலூர்பேட்டையைத் தாண்டி, சுவர்ணமுகி ஆற்றுப் பக்கம் இருக்கும் ஊர். நெல்லூரிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்கள் திரும்புகிற இடம். எத்தனை பேர் விவசாயம் செய்கிறார்கள், எத்தனை பேர் பக்கத்துத் தொழில் பூங்காக்களுக்கு வேலைக்குப் போகிறார்கள், நிலம் யார் கையில் இருக்கிறது? கேள்விகள் சாதாரணமானவைதான்.

லேப்டாப்பைத் திறந்து 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருப்பதி மாவட்டத்தைத் தேடுவீர்கள். கிடைக்காது. ஏன்னா, அப்படி ஒரு மாவட்டம் உருவானதே 2022 ஏப்ரல் 4-ல் தான். அதுவரை நாயுடுபேட்டை நெல்லூர் மாவட்டம். சரி, நெல்லூரில் தேடி எடுத்துவிட்டீர்கள் என்றாலும், கையில் இருப்பது 2011-ன் ஊர். அதற்குப் பிறகு முழுக் கணக்கெடுப்பு எதுவும் இன்னும் முடியவில்லை.

இப்போ என்ன செய்வீர்கள்? ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போனால் யாரிடம் கேட்பது, என்ன கேட்பது, கேட்டதை எப்படி எழுதுவது? டிகிரி முடித்த பலருக்கும் யாரும் சொல்லித்தராத பாடம் இது. புவியியல் படித்தவர்களுக்கும், பொருளாதாரம் படித்தவர்களுக்கும்கூட.

நூறு வருடத்துக்கு முன்பு, இந்தப் பாடத்தைச் சென்னையில் ஒருவர் நடத்தினார். அவருடைய மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்த பட்டியல்களை ஆய்வாளர்கள் இன்னும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவர் பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

யார் இந்த ஸ்லேட்டர்?

1864-ல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுக நகரத்தில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு இவரும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். பிறகு லண்டனை ஒட்டிய வுலிச்சில் உள்ளாட்சி அரசியலுக்கு வந்து, 1905-06-ல் அந்த நகரத்தின் மேயராகவும் இருந்தார். ராணுவ ஆயுதத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பகுதி அது.

இதற்கு நடுவில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வுதான் நம் கதைக்கு முக்கியம். இங்கிலாந்து கிராமங்களில் ஒரு காலத்தில் வயல்களுக்கு வேலி கிடையாது. பெரிய திறந்தவெளி வயலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இங்கொரு துண்டு, அங்கொரு துண்டு. அறுவடை முடிந்தால் எல்லோருடைய மாடும் மேயலாம். பின்னால் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகப் பாராளுமன்றம் சட்டம் போட, வயல்கள் வேலி போட்டுப் பிரிக்கப்பட்டன. நிலம் பெரிய கைகளுக்குப் போனது. மேய்ச்சல் உரிமையை இழந்த ஏழைகள் கூலிகளானார்கள். நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கு ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஒருவருடைய பட்டா நிலமாக மாறினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

ஸ்லேட்டர் இதைப் பற்றிப் பொதுவாகப் புலம்பவில்லை. அந்தச் சட்டங்களை மாவட்ட வாரியாகத் தொகுத்துப் பட்டியல் போட்டார். வேலி போடாமல் மிச்சமிருந்த ஊர்களைப் பற்றியும் விவரமாக எழுதினார். நாட்டிங்ஹாம் மாவட்டத்தின் லாக்ஸ்டன் அதில் ஒன்று. அங்கே திறந்தவெளி வயல் முறை இன்றும் தொடர்கிறது. 1907-ல் இந்த ஆய்வு புத்தகமாக வந்தது. ஆவணத்தில் இருப்பதை எண்ணு, அப்புறம் ஊரோடு ஒப்பிட்டுப் பார். அவருடைய வேலை முறை அப்போதே முடிவாகிவிட்டது என்று சொல்லலாம்.

1909-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வரானார். தொழிலாளர்களுக்காக 1899-ல் தொடங்கிய கல்லூரி அது. அவர் பொறுப்பேற்ற வருடம்தான் அங்கே மாணவர்கள் ஸ்ட்ரைக் செய்திருந்தார்கள். முந்தைய முதல்வர் நீக்கப்பட்டதும், என்ன பாடம் நடத்த வேண்டும் என்பதும்தான் சண்டை. சுரங்கத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்துவிட்டு வந்த, பேராசிரியர் சொல்வதை அப்படியே ஏற்காத மாணவர்களோடு அவர் ஆறு வருடம் ஓட்டினார்.

சென்னைக்கு ஏன் வந்தார்?

1910-களில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் பாதையை மாற்றிக்கொண்டிருந்தது. 1857-ல் தொடங்கியதிலிருந்து அது பெரும்பாலும் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிற அமைப்பாகவே இருந்தது. இப்போது ஆராய்ச்சிக்கென்று பேராசிரியர் இருக்கைகளை உருவாக்கினார்கள். 1914-ல் இந்திய வரலாற்று இருக்கைக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் வந்தார். இந்தியப் பொருளாதார இருக்கையின் முதல் பேராசிரியராக, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-ல், ஸ்லேட்டர் வந்து சேர்ந்தார். வயது 51.

அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லை இன்றைய சென்னையோடு நிற்கவில்லை. மாகாணம் முழுக்க அதன் கீழ்தான். ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926-ல் தான் வந்தது, திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-ல். ஆக, அப்போது நாயுடுபேட்டையில் ஒரு பையன் பி.ஏ. படிக்க ஆசைப்பட்டாலும் பட்டம் கொடுப்பது சென்னைதான்.

வந்த இடத்தில் அவருக்குச் சிக்கல் காத்திருந்தது. வகுப்பில் ஓடியது இங்கிலாந்துப் பொருளாதாரம். மாகாணமோ கிராமங்களால் ஆனது. ஒரு சராசரி கிராமத்தில் எத்தனை குடும்பம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டால் அரசு அறிக்கைகளில் மாவட்ட மொத்தம் கிடைக்கும். ஒரு ஊருக்குள் நடப்பது கிடைக்காது. அவரே போய்க் கேட்கலாம் என்றால், அவர் தமிழோ தெலுங்கோ மலையாளமோ பேசி வளர்ந்தவர் இல்லை.

ஆனால் அவர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் பேசி வளர்ந்தவர்கள். லீவு விட்டால் அவரவர் ஊருக்குப் போகிறவர்கள்.

அவர் கொடுத்த வேலை என்ன?

ஒரு வினாப்பட்டியல். அதை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போ, விவரத்தை எழுதிக்கொண்டு வா. அவ்வளவுதான்.

பட்டியலில் இருந்தவை பெரிய தத்துவக் கேள்விகள் இல்லை. ஊரில் எத்தனை வீடு, எந்தெந்தச் சாதி, என்னென்ன தொழில்? நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு? நிலம் யாருடையது, குத்தகை எப்படி? ஆடு மாடு எத்தனை, கிணறு எத்தனை? ஆணுக்குக் கூலி எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, பணமாகவா நெல்லாகவா? யார் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள், எதற்காக? என்ன சாப்பிடுகிறார்கள்?

இதில் ஒளிந்திருக்கும் பாடத்தைக் கவனியுங்கள். ஊர்க் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் கிடைக்கும் கேள்விகளும் இருக்கின்றன, வீடு வீடாகப் போனால்தான் கிடைக்கும் கேள்விகளும் இருக்கின்றன. ஏட்டில் ஒருவர் பெயரில் இருக்கும் நிலத்தை வேறொருவர் உழுதுகொண்டிருப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும். டேட்டா வேலை செய்கிறவர்கள் இன்று 'கிராஸ் வெரிஃபிகேஷன்' என்று சொல்வதை, இருபது வயதுப் பையன்கள் சைக்கிளும் மின்விளக்கும் அபூர்வமாக இருந்த ஊர்களில் செய்தார்கள்.

அப்படி வந்த அறிக்கைகளைத் தொகுத்து 1918-ல் ஸ்லேட்டர் புத்தகமாக வெளியிட்டார். பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வு வரிசையில் அதுதான் முதல் புத்தகம். தமிழ்ப் பகுதியிலிருந்து அதில் இடம்பெற்ற ஐந்து ஊர்கள் பின்னால் ஆய்வாளர்களிடையே 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்றே பெயர் வாங்கின. இன்றைய மாவட்டங்களின்படி சொன்னால்: விழுப்புரத்தின் இருவேல்பட்டு, திருவண்ணாமலையின் தூசி, நாகப்பட்டினத்தின் பாலக்குறிச்சி, விருதுநகரின் வடமலாபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான்.

ஸ்லேட்டர் மட்டும் இதைச் செய்யவில்லை. அதே காலத்தில் புனேயில் வேளாண் கல்லூரி முதல்வராக இருந்த ஹரால்ட் மான், பக்கத்துக் கிராமமான பிம்பள சௌதாகரை ஆராய்ந்து 1917-ல் வெளியிட்டார். புனேயில் ஐடி வேலை பார்த்திருந்தால் அந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று அது அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த புறநகர். அங்கே ஆராய்ந்தது ஒரு கல்லூரி முதல்வர். இங்கே அந்த வேலை மாணவர்கள் கைக்குப் போனது.

அந்த அறிக்கைகளில் என்ன இருந்தது?

இருவேல்பட்டை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பரில் இந்த ஊர் பெயரை நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பிறகு பார்வையிடப் போன அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது இங்கேதான். 1916-ல் இந்த ஊரின் விவரத்தை எழுதியவர் சுந்தரம் ரெட்டி என்ற மாணவர். ஸ்லேட்டரின் புத்தகத்தில் ஊர் பெயர் 'எருவெல்லிப்பேட்' என்று பதிவாகியிருக்கிறது. ஊர் பெயர் ஸ்பெல்லிங் மாறினதால் இரண்டு டேட்டா ஷீட் ஒட்டாமல் போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், அது புதுப் பிரச்சினை இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த அறிக்கை படியாட்களைப் பற்றிப் பேசுகிறது. கல்யாணச் செலவு போன்றவற்றுக்கு நிலக்காரரிடம் கடன் வாங்கி, அந்தக் கடன் தீராமல், அவருடைய நிலத்திலேயே கட்டுண்டு உழைத்தவர்கள். மாவட்டப் புள்ளிவிவரத்தில் இவர்கள் வெறும் 'விவசாயக் கூலிகள்' என்ற ஒரு எண். கடன் எப்படி ஒரு மனிதரைக் கட்டிப்போடுகிறது என்பது ஒரு ஊருக்குள் போய்க் கேட்டால்தான் வெளியே வருகிறது.

ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

ஏன்னா, மற்றவர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். ஸ்லேட்டரின் இருக்கையில் பின்னாளில் அமர்ந்த பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து 1936-37-ல் மறு ஆய்வு நடத்தி, 1940-ல் புத்தகமாக்கினார். நடுவில் வந்தது உலகப் பொருளாதார மந்தம். விளைபொருள் விலை சரிந்தபோது ஊருக்குள் என்ன ஆனது என்று பார்க்க, 1916-ன் பட்டியல்தான் ஒப்பீட்டுக்குக் கிடைத்தது.

1980-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர் மறுபடி போனார்கள். தமிழக அரசின் நிதிச் செயலராக இருந்த எஸ். குஹன், மானுடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து இருவேல்பட்டை ஆராய்ந்தார். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அதே ஊருக்குப் போனார்கள். ஊரைக் கையில் வைத்திருந்த பெரிய நிலக்காரர்களின் பிடி தளர்ந்திருந்தது. விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த ஊர், பல வேலைகளை நம்பும் ஊராகியிருந்தது. ஏறக்குறைய 90 வருட மாற்றத்தை ஒரே ஊரில் வைத்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், முதல் ஆளாக ஒரு கல்லூரி மாணவர் எண்ணி எழுதி வைத்ததுதான்.

பாலக்குறிச்சி இன்னொரு உதாரணம். அதே கீழ்வேளூர் வட்டாரத்தில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஊர். அந்தச் சம்பவத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே, அந்தப் பகுதியின் நிலமும் கூலியும் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு மாணவரின் குறிப்பு இருக்கிறது. வன்முறை எங்கிருந்து முளைத்தது என்று கேட்கிறவர்களுக்கு அது சும்மா பழைய காகிதம் இல்லை.

பேராசிரியரின் பெரிய கோட்பாடுகள் என்ன ஆயின?

ஸ்லேட்டர் 1921-ல் பேராசிரியர் பணியை முடித்துக்கொண்டார். 1924-ல் இந்தியப் பண்பாட்டில் திராவிடர்களின் பங்கு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் எச். ஜே. ஃபிளூர் என்ற புவியியல் பேராசிரியர். வடக்கிலிருந்து வந்ததே நாகரிகம் என்று பலர் எழுதிய காலத்தில், தெற்கின் பங்கைப் பெரிதாகப் பேசியதால் அது கவனம் பெற்றது. ஆனால் அதன் பல வாதங்கள் அன்றைய இனக் கோட்பாடுகள் மேல் நின்றவை. அந்த அடித்தளத்தை இன்றைய ஆய்வுலகம் ஏற்பதில்லை.

1931-ல் இன்னொரு திசையில் போனார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது ஒருவர் அல்ல, ஏழு பேர் என்று ஒரு புத்தகம்! ஆங்கில இலக்கிய ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. தென்னிந்தியாவின் அரசியல், பொருளாதாரச் சிக்கல்கள் பற்றிய புத்தகம் 1936-ல் வந்தது. 1938-ல் இறந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்கு படித்த, அனுபவம் நிறைந்த பேராசிரியரின் பெரிய ஊகங்கள் நூலக அலமாரிக்குப் போய்விட்டன. பட்டம்கூட வாங்காத மாணவர்கள் எழுதிய மாடு, கிணறு, கூலி, கடன் பட்டியல்கள் இன்னும் வேலை செய்கின்றன. மாணவர்கள் பேராசிரியரைவிட அறிவாளிகள் என்பதல்ல காரணம். அவர்கள் எழுதியதை இன்னொருவர் அதே தெருவுக்குப் போய்ச் சரிபார்க்க முடியும். ஏழு ஷேக்ஸ்பியர்களை அப்படிச் சரிபார்க்க முடியாது.

குறை இல்லையா?

இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, ஊர்கள் எப்படித் தேர்வாயின? மாணவரின் சொந்த ஊர் என்பதால். மாகாணத்துக்கே மாதிரி என்று அந்த ஊர்களைச் சொல்ல முடியாது.

இரண்டாவது, இன்னும் கனமானது. 1916-ல் கல்லூரிக்குப் போனவர்கள் யார்? பெரும்பாலும் நிலமும் வசதியும் இருந்த, உயர்சாதி வீட்டு ஆண்கள். இருவேல்பட்டில் செல்வாக்கு ரெட்டியார் குடும்பங்களிடம் இருந்தது. கேள்வி கேட்ட மாணவரும் ரெட்டியார். பண்ணை வீட்டுச் சமூகத்துப் பையன் சேரிக்கு வந்து, உனக்குக் கடன் எவ்வளவு, கூலி போதுமா என்று கேட்டால், படியாள் என்ன பதில் சொல்லியிருப்பார்? முழு உண்மையைச் சொல்லியிருப்பாரா? பெண்களிடம் யார் கேட்டிருப்பார்கள்?

அதனால் அந்த எண்கள் பொய் என்று ஆகாது. எண்ணைப் படிக்கும்போது, அதைக் கேட்டு எழுதியவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மறு ஆய்வுகளால் கிடைத்த பெரிய லாபமும் இதுதான்: வேறு வேறு ஆட்கள், வேறு வேறு தெருக்களிலிருந்து, அதே கேள்விகளோடு போனார்கள்.

சரி, இன்று இதை எப்படிச் செய்வது?

சென்னையில் 1926-ல் தொடங்கிய மெட்ராஸ் புவியியல் சங்கம் இன்று இந்திய புவியியல் சங்கமாக நூறு வருடத்தைத் தொட்டிருக்கிறது. இளநிலைப் புவியியல் படிப்புகளில் களப்பயணம் என்ற ஒன்று இன்றும் உண்டு. பல இடங்களில் அது பஸ் எடுத்து, குரூப் போட்டோ பிடித்து, போன வருட ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. ஒரு ஆசிரியர் மனசு வைத்தால் ஸ்லேட்டர் கொடுத்த வேலையை நாளைக்கே கொடுக்கலாம். செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான்.

நாயுடுபேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஊர் வேண்டாம், பக்கத்தில் ஒரு சின்ன கிராமம் போதும். முதலில் ஊர் பெயர் பழைய ஆவணங்களில் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது, 2022-க்கு முன்பு எந்த மாவட்டம், எந்த மண்டலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அடங்கலில் யார் பெயரில் எந்த நிலம் என்று பாருங்கள். பிறகு வயலுக்குப் போய் யார் உழுகிறார்கள், எது தரிசு, எது பிளாட் ஆகிவிட்டது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைத் தனியாகக் குறியுங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் இருக்கும்.

அப்புறம் வீடுகள். மெயின் ரோட்டு வீடுகளோடு நிறுத்தாதீர்கள், காலனிக்கும் போங்கள். உங்கள் குழுவில் அந்தத் தெருக்காரர் ஒருவர் இருக்கட்டும். பெண்களிடம் பேச ஒரு பெண் இருக்கட்டும். எந்த வீட்டில் பதில் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். கடைசியாக, கேள்விகளை அப்படியே இணைத்து வையுங்கள், தேதியோடு. வீட்டுக்காரர் பெயரை மட்டும் வெளியே விடாதீர்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாள். அந்த எண்கள் வெளிவரும்போது, நாயுடுபேட்டை முதல் முறையாகத் திருப்பதி மாவட்டத்தின் கீழ் வரும். 2011-ன் நெல்லூர் எண்களுக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய 16 வருட இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு ஊரில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், பின்னால் வருகிறவருக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு இடம் இருக்கும். அடுத்த லீவுக்கு நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள்?